முப்பத்துநாலு இஞ்ச் பேஸ்மட்டம்

மகளே,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதை உனக்கு எழுதக் கூடாது என்று சொன்னாள், எழுதிவிட்டேன். எழுத வேண்டாம் என்று தோன்றுவதையெல்லாம் எழுதிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் இன்று காகிதத்தை எடுத்தேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததும் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்பாய், நான் "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா" என்பேன், பிறகு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீ பெங்களூருக்குப் போன இந்த இரண்டு வருடத்தில் நாம் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இட்லியும் சாம்பாருமாகத்தான் இருக்கும். அதனால் வந்த வினை இது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வேலையைப் பற்றி நான் ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை நம்பி விளாத்திகுளத்தில் ஒரு பெரிய மனுசர், புது வீட்டுக்குத் தோண்டிய அஸ்திவாரக் குழியை அப்படியே திறந்து போட்டுவிட்டு, நீ வந்து பார்த்து ஆழம் சொல்வாய் என்று காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வீட்டுக்காரர்தான் அவர். நீ ஊருக்கு வந்து இறங்கி, யாராவது அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்டு நீ ஒன்றும் புரியாமல் விழிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட வேண்டும். படித்துவிட்டு நம் சொந்தக்காரர்கள் குழுவில் இதைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். தப்பான சேதி எத்தனை பேருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் சரியானதும் போய்ச் சேரட்டும்.

நீ வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து சொல்ல வேண்டும். கோவில்பட்டி ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்ற வந்திருந்தேன். இன்டர்வியூ என்றாய், கிடைத்துவிட்டது என்றாய், பெட்டி கட்டினாய். என்ன கம்பெனி, என்ன வேலை என்று ரயில் வந்து நிற்கிற நேரத்தில்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "என்ன வேலைட்டி அது?" என்றேன். நீ "பேஸ்" என்று தொடங்கினாய். மீதியை ரயில் ஊதல் கொண்டுபோய்விட்டது. கடைசியில் "டிசைன் பண்ணுற கம்பெனிப்பா" என்றது மட்டும் கேட்டது. முப்பது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறவனுக்கு பேஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். பேஸ்மட்டம். நம் கரிசல் மண்ணில் வீடு நிற்பதும் உட்காருவதும் அதில்தான் இருக்கிறது. மழை பெய்தால் இந்த மண் உப்பும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். அஞ்சடியோ ஆறடியோ, சுக்கான் பாறை தட்டுகிற வரைக்கும் தோண்டாமல் எழுப்பிய சுவர் எதுவும் இங்கே உருப்பட்டதில்லை. மகள் நம் தொழிலுக்கே வந்துவிட்டாள், அதுவும் டிசைன் பண்ணுகிற இடத்துக்கு வந்துவிட்டாள் என்று ஸ்டேஷனிலிருந்து வீடு வரை வண்டியில் பறந்து வந்தேன். மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு அஸ்திவாரத்தில் என்ன வேலை என்று ஒரு கேள்வி வரத்தான் செய்தது. இந்தக் காலத்தில் யார் படித்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தாலோ கடைக்குப் போயிருந்தாலோ, போனைக் கொடுக்க ஆளில்லாத நேரங்களில், வேலையைப் பற்றி ஏதாவது கேட்பேன். நீயும் சொல்வாய். நீ சொன்ன ஒவ்வொன்றும் என் காதில் வேறொன்றாக விழுந்தது. "எத்தனை கம்பி போடுதீங்க?" என்று கேட்டேன். "நாலுப்பா. சில பேரு அஞ்சு கேப்பாங்க, ஆறு கம்பிகூட உண்டு" என்றாய். தூணுக்கு நாலு கம்பி, பாரம் கூடினால் ஆறு. அஞ்சு எவன் கேட்பான் என்று யோசித்தேன். பெங்களூர்க்காரன் கேட்பான் போலிருக்கிறது. "எத்தனை இஞ்ச்?" என்றேன். "முப்பத்துநாலு. நாங்க அதை முப்பதாக் குறைக்கப் பாக்கோம், கை சின்னதா இருக்கவங்களுக்கும் எட்டணும்லாப்பா" என்றாய். கை சின்னது என்றால் வசதி குறைந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஏழைபாழைகளுக்காக என் மகள் பாடுபடுகிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் முப்பது இஞ்சில் அஸ்திவாரமா? "ஏட்டி, நம்ம மண்ணுல அது நிக்காதே" என்றேன். நீ என்ன நினைத்தாயோ, "நம்ம ஊருக்கு இல்லப்பா, எல்லாம் வெளிநாட்டுக்குப் போறது" என்றாய். அந்த ஊர் மண் கெட்டியாக இருக்கும் என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

இன்னொரு நாள் பிரிட்ஜையும் நீங்களே செய்வதாகச் சொன்னாய். மறுநாள் சென்ட்ரிங் ஆட்களிடம் என் மகள் பாலம் கட்டுகிறாள் என்று சொல்லிவிட்டேன். தலை என்கிற ஒன்றை இப்போதெல்லாம் வைப்பதில்லை, எடுத்துவிட்டோம் என்றாய். மேலே ஒரு ஆள் இல்லாமல் எப்படி வேலை நடக்கும் என்று உன் கம்பெனியைப் பற்றிக் கவலைப்பட்டேன். கழுத்துதான் வளைந்துவிடுகிறது, உள்ளே ஒரு இரும்புக் கம்பி விட்டு நிமிர்த்துவோம் என்றாய். அது ஒன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் உத்தரத்திலும் அதைத்தானே செய்கிறோம். போன வைகாசியில் ஒரு கட்டு பருத்திமார் அனுப்பச் சொன்னாய். பருத்தி எடுத்து முடிந்தபின் புஞ்சையில் காய்ந்து நிற்கிற செடி அடுப்பெரிக்கத்தான் ஆகும். அதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்காமலே எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போய்ப் பிடுங்கிக் கட்டி, பஸ்ஸில் பார்சல் போட்டேன். பார்சல் ஆபீஸ்காரர் எதற்கு என்று கேட்டார். மகள் அஸ்திவாரத்துக்குக் கேட்டிருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்ததன் அர்த்தம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஏன் இவ்வளவு சந்தேகம் வந்தும் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை என்று நீ நினைக்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டே, அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் ஆறடி சொல்கிறவன் தன் வீட்டுக்கு மூன்றடியில் நிறுத்தினான். அப்போது எனக்கு அவசரம், கொழுப்பும்கூட. வீடு கட்டிய மூன்றாம் வருடம் சுவர் வெடிப்பு விட்டது. அன்றிலிருந்து காலண்டரை மாட்டி மறைத்துவருகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மாசத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருந்தாய். ஒருநாள் வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது காலண்டரைக் கழற்றி, சித்திரையில் இவ்வளவு விரியும், கார்த்திகையில் இவ்வளவு மூடும் என்று அவர்களுக்குக் காட்டினாய். அவர்கள் போனதும் உன்னை அடித்தேன். ஒரு சின்னப் பெண் ஒரு வருடம் விடாமல் அளந்து வைத்திருக்கிறாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. என் மானம் போனது மட்டும்தான் தெரிந்தது. அந்த அடிக்கு இன்றுதான் மன்னிப்புக் கேட்கிறேன். அஸ்திவார டிசைன் என்று காதில் விழுந்ததும், நான் விட்ட இடத்திலிருந்து என் மகள் பிடித்துவிட்டாள் என்று மனசு குளிர்ந்துபோனது. அது இனித்தது. இனித்ததால் கேட்கவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்: ஒரு சேதி ரொம்ப இனித்தால் அதை இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்.

இந்த ஆவணியில்தான் விளாத்திகுளம் சம்பந்தம் வந்தது. ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பயோடேட்டா வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போய் டைப் அடிக்கச் சொன்னேன். வேலை என்ற இடத்தில் என்ன போட என்று கடையிலிருந்த பெண் கேட்டாள். "அடித்தள வடிவமைப்புப் பொறியாளர்" என்று சுத்தமான தமிழில் சொன்னேன். அச்சில் பார்த்தபோது எனக்கே எழுந்து நின்று வணக்கம் வைக்க வேண்டும் போலிருந்தது. பையனின் அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். பையன் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய பழைய வீடு இரண்டு தடவை வெடித்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அப்போதுதான் குழி தோண்டியிருக்கிறார்கள். பயோடேட்டாவைப் பார்த்ததும் மனுசர் மறுநாளே வண்டி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வரப்போற பொண்ணே அஸ்திவாரம் பாக்கும்னா இதைவிட எங்களுக்கு என்ன வேணும்?" என்றார். "பொண்ணு வந்து பாத்துச் சொல்லட்டும் அண்ணாச்சி. அது வரைக்கும் வேலையை நிப்பாட்டி வைக்குதேன்."

நான் பெருமையாகத் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் உன் வீடியோ வந்தது.

கறுப்பாக, தலையில்லாமல், ஒரு பலகையைச் செதுக்கி எடுத்த மாதிரி எதையோ தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். விரல்கள் ஓடுகின்றன. சத்தம் ஒன்றும் வரவில்லை. மண்ணைச் சோதிக்கிற மெஷின் போலிருக்கிறது என்று நானே முடிவுசெய்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். சத்தமே கேட்கவில்லையே என்று உனக்கு எழுதியதற்கு, போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது, பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள் என்று பதில் போட்டாய். பேஸ் எப்படி ஸ்பீக்கரில் வரும்? குழம்பிப்போய், மைக்செட் கடை தங்கராசுவிடம் போனேன். அவர் போனை வயரில் மாட்டி ஒரு பெட்டியில் போட்டார். அந்தச் சத்தம் பெட்டியிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். தரையிலிருந்து வந்தது. செருப்பு வழியாக முழங்காலுக்கு ஏறியது. மேசையில் இருந்த டீ கிளாஸ் தன்னால் ஓரத்துக்கு நகர, தங்கராசு அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது பேஸ் கிதாருல்லா அண்ணாச்சி," என்றார். "பாட்டுக்கு அடியில ஒண்ணு போய்க்கிட்டே இருக்கும்லா, அது. இருக்கும்போது யாருக்கும் தெரியாது. எடுத்துட்டா பாட்டு உக்காந்துரும்."

"அப்ப பேஸ்மட்டம்?" என்று கேட்டேன்.

"எந்தப் பேஸ்மட்டம்?" என்றார் அவர். நான் போனைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ ஹாஸ்டலில் இருக்கும்போதே அதை வாசிக்கப் பழகினாய் என்பது அவளுக்குத் தெரியுமாம். எனக்கும் தெரியும் என்று நினைத்திருந்தாளாம். "பின்னே ஊரெல்லாம் நான் பேஸ்மட்டம்னு சொல்லுதப்ப ஏன் வாயைத் திறக்கல?" என்று சத்தம் போட்டேன்.

"கிதாருன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நீங்க அப்படிச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

இரண்டு வருடம் என்னை ஒரு பொய்யன் என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நான் புரியாமல் சொன்னவன், வெட்கப்பட்டு மறைத்தவன் இல்லை என்று அன்று முழுக்க அவளிடம் வாதாடினேன். மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர், மகள் எப்படி இருக்கிறாள், அதே பேஸ்மட்டக் கம்பெனிதானா என்று கேட்டார். எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு கேட்கிறார். கிதார் என்கிற சொல் தொண்டை வரை வந்தது. பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். "ஆமா, அதேதான்" என்றேன். முதலில் சொன்னதெல்லாம் அறியாமை. அன்றைக்குச் சொன்னது பொய். உன் அம்மா சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தில் எழுதக் கைவராத இடம் இதுதான், எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் உன்னை அழைத்து, நீங்கள் இனிமேல் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். நீ நாற்பது நிமிடம் பேசினாய். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அளவெடுக்கிற நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இப்போது அதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கம்பி ஆடுவதை இதுவரை காந்தம் வைத்துப் பிடித்தார்கள், இனி வெளிச்சத்தை வைத்துப் படிக்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறேன். வெளிச்சம் எப்படிச் சத்தத்தைப் படிக்கும்? காட்டு மரம் கிடைப்பது அருகிக்கொண்டு வருகிறது. அதனால் பருத்திமாரைத் தூளாக்கிப் பசை சேர்த்து அழுத்திப் பலகை செய்து பார்க்கிறீர்கள். நான் அனுப்பிய கட்டில் செய்த துண்டு மழைக்காலத்தில் மரத்தைவிடக் குறைவாக உப்பியது என்றாய். இது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது, கேட்கவும் சந்தோஷமாக இருந்தது. கழுத்தைக் கார்பன் இழையில் செய்தால் உள்ளே இரும்புக் கம்பியே வேண்டாமாம். சுதி இறங்கினால் அதுவே கண்டுபிடித்துத் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளுமாம். அப்படியானால் வாசிக்கிறவன் காது எதற்கு? முதுகுப் பக்கம் ஒரு சின்னத் தகடு வைத்து, வாசிப்பதை விலா எலும்பில் உணர வைத்தால் காது கேட்காதவர்களும் வாசிக்கலாம் என்றாய். இதற்கு நான் கேள்வி எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு கம்பியின் சத்தத்தையும் தனித்தனியாக அனுப்பி, கேட்கிறவர் வீட்டில் உட்கார்ந்து தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. கொத்தனார் கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறவன் தினம் ஒரு சுவரை நகர்த்தினால் அது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. முப்பத்துநாலு என்பது கம்பியின் நீளமாம், முப்பது இஞ்சுக் கம்பியில் அதே கனமான சத்தத்தைக் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று சொன்னாய்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் மூன்று வாரம் விளாத்திகுளத்துக்குச் சொல்லாமல் கடத்தினேன். கடைசியில் நான் செய்ய நினைத்ததைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், அல்லது அழுகை வரும். சுக்கான் தட்டும் வரை தோண்ட வேண்டும், ஆத்து மணல் நிரப்பித் தண்ணீர் விட வேண்டும், மழைக்கு முன்னால் மூட வேண்டும், அடியில் கம்பி கட்டி உத்தரம் போட வேண்டும் என்று நாலு வரி ஒரு சீட்டில் எழுதினேன். இதை நீ மனப்பாடம் பண்ணி வந்து ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழிக்கரையில் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், கல்யாணம் முடிந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். உன்னை அழைக்கப் போனையும் எடுத்துவிட்டேன். நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் நீ அடிக்கடி சொன்ன ஒன்றை நான் அப்படியே எழுதி வைத்திருந்தேன்: "இது சரியா வருமான்னு தெரியலப்பா." பருத்திமாருக்கும் அதைச் சொன்னாய், வெளிச்சத்துக்கும் அதைச் சொன்னாய். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு லேசாகச் சொல்கிற ஒரு பெண்ணை, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிப் பேச வைக்கப் பார்த்தேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு விளாத்திகுளம் போனேன்.

அவர் குழிக்கரையில்தான் இருந்தார். முந்தின நாள் பெய்த தூறலில் ஒரு பக்கக் கரை சரிந்திருந்தது. கடையைப் பற்றி, வத்தல் விலையைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டேன். என் மகளுக்கு அஸ்திவாரம் தெரியாது, அவள் கிதார் டிசைன் பண்ணுகிறாள், நான் சொல்லைத் தப்பாகக் கேட்டுவிட்டேன், மூன்று வாரமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். அவர் சரிந்து கிடந்த கரை மண்ணைக் காலால் தள்ளினார். மேடையில் ஆடிக்கொண்டே வாசிப்பார்களே, அதுவா என்று கேட்டார். வாசிப்பதில்லை, செய்வது என்றேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் வண்டியை எடுக்கும்போது, "அப்ப ஆழம் எவ்வளவு போகணும்?" என்று கேட்டார். நான் இறங்கி, கடப்பாரையால் அடி மண்ணைக் குத்திப் பார்த்து, இன்னும் ஒன்றரை அடி என்றேன். அதைக் கேட்டுக்கொண்டார். மறுநாளே வேலை தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

நேற்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவரே என்னைப் பார்த்து வந்தார். "எங்க வீட்டுல அவியளுக்குச் சரிப்படல அண்ணாச்சி" என்றார். பொறியாளர் என்று அச்சடித்துக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தீர்களே என்று அவர் மனைவிக்கு வருத்தமாம். அது நியாயம். மன்னிப்புக் கேட்டேன், மனசாரக் கேட்டேன். அவர் அதோடு போயிருக்கலாம். "ஆனாலும் வயசுப் பொண்ணு செய்யுற வேலையா அது? நீங்களாவது கண்டிச்சிருக்க வேண்டாமா?" என்றார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நான் பேசியது எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது.

"எம்மக பேஸ் கிதாரு செய்யுதா அண்ணாச்சி. இனிமே வரப்போற கிதாரு. பருத்திமாருல செய்யுதா. வெளிச்சத்தை வச்சுக் கம்பியைப் படிக்கா. காது கேக்காதவனும் அதை வாசிக்கலாம். நான் பொய் சொன்னது தப்பு. அவ செய்யுறதுல ஒரு தப்பும் இல்ல."

விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பருத்திமாரில் எப்படிச் செய்ய முடியும் என்று என்னைக் கேட்டார். தூளாக்கி அழுத்துவார்கள் என்று தெரிந்ததைச் சொன்னேன். கிதார் என்கிற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில் தலைமேல் ஒன்றும் இடிந்து விழவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கடம்பூரில் சொல்லி வைத்த போளியை வேண்டாம் என்று சொல்லவா என்று கேட்டாள். நீ வருகிறாய் அல்லவா, இருக்கட்டும் என்றேன். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதமே.

அந்தப் பையனின் போட்டோவை உனக்கு அனுப்பியபோது நீ "சரிப்பா" என்று பதில் போட்டாய். அதைப் பார்த்ததும் நாள் குறிக்கப் போய்விட்டேன். அது பிடித்திருக்கிறது என்கிற சரிப்பாவா, அப்பாவிடம் என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற சரிப்பாவா? உன் அம்மா கேட்டது இதைத்தான். நான் உன்னைக் கேட்காமலே ஒரு சம்பந்தம் பேசினேன். உன்னைக் கேட்காமலே அதைப் பஸ் ஸ்டாண்டில் முறித்தும் விட்டேன். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவேளை உனக்கு அவனைப் பிடித்திருந்தால் சொல்லு. நான் மறுபடியும் விளாத்திகுளம் போய் அவர் கையைப் பிடித்துக் கேட்கிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லு. இந்தத் தடவை நீ சொல்வதை நான் இரண்டு தரம் கேட்டுக்கொள்கிறேன்.

உன்,
அப்பா